பழைய பயணிகள் கப்பல் பார்க்கப் போவதென்றால் எது? பிரிஸ்டலா, லாங் பீச்சா, யோகோஹாமாவா?

பழைய காலத்துப் பயணிகள் கப்பல் ஒன்றில் ஏறி, கேபின், சாப்பாட்டுக் கூடம், இன்ஜின் அறை என்று சுற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு உலகத்தில் தேர்வு ரொம்பக் குறைவு. போர்க்கப்பல்களை நாடுகள் பெருமையாக வைத்துக்கொள்ளும். பயணிகளை ஏற்றிப் போனவை பெரும்பாலும் ஓய்வு பெற்றதும் நேரே உடைப்புக்குப் போய்விட்டன. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடிய ரஜூலாவும் அப்படித்தான் போனது, அதற்கப்புறம் வந்த சிதம்பரம் கப்பலும் அப்படித்தான். மலேசியா, சிங்கப்பூரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கதை அந்தக் கப்பல்களின் டெக்கில் பாய் விரித்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் பேரப்பிள்ளைகள் போய் ஏறிப் பார்க்க ஒன்றுமில்லை. அதனாலேயே மற்ற ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் கப்பல்கள் மீது எனக்குத் தனிப் பிரியம்.

இங்கே மூன்றை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் லாங் பீச்சில் நிற்கும் குயின் மேரி, ஜப்பானின் யோகோஹாமாவில் மிதக்கும் ஹிகாவா மாரு. மூன்றுமே கடல் தாண்டிப் பயணிகளை ஏற்றிப் போனவை, மூன்றிலும் இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். ஆனால் உள்ளே போனால் கிடைப்பது மூன்று இடத்திலும் வேறு வேறு. எது பெரியது, எது அழகு என்று ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கண் முன்னால் நிற்பதில் எவ்வளவு அசல், எவ்வளவு பிற்பாடு செய்து வைத்தது, அதை அந்த இடம் நம்மிடம் எப்படிச் சொல்கிறது என்பதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

கிரேட் பிரிட்டனிலிருந்து தொடங்குவோம், வயதில் அதுதான் மூத்தது. 1843 ஜூலை 19 அன்று பிரிஸ்டலில் தண்ணீரில் இறங்கியது. வடிவமைத்தவர் இசம்பார்ட் கிங்டம் புருனெல். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில் பாதை போட்ட அதே பொறியாளர், அந்தப் பாதையை அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் வரைக்கும் கப்பலால் நீட்டலாம் என்று நினைத்த மனிதர். முதலில் பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரங்கள் வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். 1840-ல் ஆர்க்கிமிடீஸ் என்ற சின்னக் கப்பல் ப்ரொப்பெல்லரால் ஓடுவதைப் பார்த்ததும், பாதி வேலை ஆன நிலையில் திட்டத்தையே மாற்றினார். இரும்பு உடலும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த முதல் பெரிய கடல் கப்பல் இப்படி உருவானது. 98 மீட்டர் நீளம். கட்டி முடித்தபோது உலகத்திலேயே பெரிய கப்பல். எவ்வளவு பெரியது என்றால் பிரிஸ்டல் துறைமுகத்தின் மதகுக் கதவுகள் வழியே வெளியே போக முடியாமல் 1844 டிசம்பர் வரை உள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம் இந்தக் கப்பல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1846-ல் அயர்லாந்துக் கரையில் தரை தட்டி ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கேயே கிடந்தது, மீட்ட செலவில் கம்பெனியே மூழ்கியது. புது முதலாளிகள் அதை ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுபவர்களை ஏற்றிப்போகும் கப்பலாக்கினார்கள். 1861-ல் ஆஸ்திரேலியா போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணி இதில்தான் ஏறிப் போனது. 1857 கிளர்ச்சியின்போது பம்பாய்க்குப் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கியதும் இதே கப்பல்தான் என்பது நம் ஆட்கள் அங்கே நிற்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். கடைசியில் இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பாய்மரச் சரக்குக் கப்பலாக்கினார்கள். 1886-ல் கேப் ஹார்ன் புயலில் அடிபட்டு ஃபாக்லாந்து தீவுகளில் ஒதுங்கியது, அங்கே கம்பளியும் நிலக்கரியும் போட்டு வைக்கும் மிதக்கும் கிடங்காகக் கிடந்தது, 1937-ல் ஸ்பாரோ கோவ் என்ற குடாவில் ஓட்டை போட்டுத் தரையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

1967-ல் யூவன் கார்லெட் என்ற கப்பல் பொறியாளர் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கப்பலை இப்படி விடலாமா என்பதுதான் சாரம். ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் பணம் கொடுத்தார். 1970-ல் கப்பல் உடலில் இருந்த பெரிய விரிசலில் ஊர் மக்கள் கொடுத்த பழைய மெத்தைகளை அடைத்து, ஒரு மிதவை மேடையில் ஏற்றி, அட்லாண்டிக் முழுவதும் இழுத்துக்கொண்டு வந்து, ஜூலை 19 அன்று, அதாவது முதலில் தண்ணீரில் இறக்கிய அதே தேதியில், கட்டப்பட்ட அதே ட்ரை டாக்கில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் வேலை பார்க்கும் பெரிய தொட்டி) நிறுத்தினார்கள். வரும் வழியில் ஏவான் ஆற்றின் மேல் புருனெல் வடிவமைத்த கிளிஃப்டன் தொங்கு பாலத்துக்குக் கீழே கடந்து வந்தது. கப்பல் ஊரைவிட்டுப் போனபோது அந்தப் பாலமே கட்டி முடிக்கப்படவில்லை.

இங்கே அசல் எது என்றால் இரும்பு உடல். இந்த அருங்காட்சியகத்தின் மொத்த முயற்சியும் அந்த உடலைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் கடல் நீரில் ஊறிய இரும்புக்குள் உப்பு ஏறிக் கிடக்கிறது. மேலே பெயின்ட் அடித்தால் துரு நிற்காது, காற்றில் இருக்கும் ஈரமே அந்த உப்போடு சேர்ந்து உள்ளிருந்து அரித்துக்கொண்டு போகும். அதனால் கப்பலின் நீர்மட்டம் இருந்த உயரத்தில் டாக் முழுக்கக் கண்ணாடிக் கூரை போட்டு, அதன்மேல் மெல்லிய அளவுக்குத் தண்ணீர் ஓடவிட்டு, கீழே இயந்திரங்கள் வைத்துக் காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 2005-ல் இருந்து இந்த ஏற்பாடு. மேலிருந்து பார்த்தால் கப்பல் கடலில் நிற்பது போல இருக்கும். படியிறங்கிப் போனால் அந்தக் 'கடலுக்கு' அடியில் நின்று, ஓட்டையும் தழும்புமாய் இருக்கும் அடிவயிற்றைக் கைநீட்டும் தூரத்தில் பார்க்கலாம். மெத்தை அடைத்த விரிசலும் தெரியும். ஒரு பொருளை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதே காட்சிப்பொருளாக ஆகியிருப்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

கப்பலுக்குள்ளே போனால் கதை வேறு. சாப்பாட்டுக் கூடம், கேபின்கள், மூன்றாம் வகுப்புப் படுக்கைகள், சுழலும் இன்ஜின் எல்லாமே மறுபடி செய்தவை. அசல் உள்கட்டு எப்போதோ போய்விட்டது. இன்ஜின் முழு அளவு மாதிரி, மின் மோட்டாரால் சுற்றுகிறது. இதை அவர்கள் மறைக்கவில்லை, பயணிகள் எழுதி வைத்த நாட்குறிப்புகளை வைத்துக்கொண்டு அறை அறையாக, வாசனை உட்பட (ரொட்டி வேகும் வாசனையிலிருந்து வாந்தி நாற்றம் வரை!) மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இது அபாரமாகப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, ஆனால் அந்தப் படுக்கையைத் தொடும்போது ஒரு மனிதன் இங்கே படுத்திருந்தான் என்ற உணர்வு வருவதில்லை. அந்த உணர்வு கீழே, துருப்பிடித்த இரும்புக்கு முன்னால் நிற்கும்போதுதான் வருகிறது.

குயின் மேரி இதற்கு அப்படியே நேர்மாறு. 310 மீட்டர் நீளம், டைட்டானிக்கை விட நாற்பது மீட்டர் அதிகம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் கட்டத் தொடங்கியது 1930-ல், பொருளாதார மந்தத்தால் 1931 டிசம்பரில் வேலை நின்றது, இரண்டு வருஷத்துக்கு மேல் பாதி கட்டிய கப்பல் மழையில் நின்றது. அதைக் கட்டிய குனார்ட் கம்பெனியும் அதன் போட்டிக் கம்பெனியான ஒயிட் ஸ்டாரும் ஒன்றாகச் சேர்ந்தால் கடன் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்ன பிறகுதான் மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது. 1936 மே மாதம் சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசிக்கொண்டு பட்டாளம் ஏற்றியது, 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர். ஒரே கப்பலில் இத்தனை பேர் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

1967-ல் லாங் பீச் நகரம் 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு நடந்த மாற்றங்களில்தான் என் மனம் கசக்கிறது. கொதிகலன்கள் எல்லாம் வெளியே எடுக்கப்பட்டன, முன்பக்க இன்ஜின் அறையும் போனது, கீழ்த்தளங்களில் பெரும்பகுதி காட்சிக் கூடத்துக்காகக் காலியாக்கப்பட்டது, மேல்தளங்கள் ஹோட்டலாயின. புகைபோக்கிகளை இறக்கியபோது அவை பல அடுக்குப் பெயின்டின் பலத்தில்தான் நின்றுகொண்டிருந்தன என்று தெரிந்தது, ஆகவே இன்று பார்க்கும் மூன்றும் புதிதாகச் செய்தவை.

அப்படியானால் மிச்சம் என்ன? நிறையவே இருக்கிறது. முதல் வகுப்பின் கூடங்களும் மரவேலையும் அப்படியே இருக்கின்றன. பேரரசின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வரவழைத்த மரங்களால் சுவர் இழைத்த கப்பல் இது, இன்று யார் நினைத்தாலும் இன்னொரு தடவை அப்படிச் செய்ய முடியாது. முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் அட்லாண்டிக்கின் பிரம்மாண்டமான வரைபடம், அதில் குளிர்காலப் பாதை ஒன்று, கோடைகாலப் பாதை ஒன்று, பளிங்கு போன்ற ஒரு குட்டிக் கப்பல் அந்தப் பாதையில் நகர்ந்து, இப்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று சாப்பிட உட்கார்ந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு விமானத்தில் இருக்கைக்கு முன்னால் திரையில் வரும் வரைபடத்தின் தாத்தா அது. பின்பக்க இன்ஜின் அறை தப்பித்தது, அதன் பக்கத்தில் கப்பல் உடலோடு ஒட்டிக் கட்டிய ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீருக்குள் ப்ரொப்பெல்லர் தெரியும். அந்த அளவு பெரிய பொருளைத் தண்ணீருக்குள்ளேயே பார்ப்பது வயிற்றைக் கலக்கும்.

ஆனால் இங்கே வருபவர்களில் பலர் பேய்க் கதைக்காக வருகிறார்கள். இன்ன அறையில் ஆவி, இன்ன நீச்சல் குளத்தில் காலடிச் சத்தம் என்று அதற்கென்றே தனிச் சுற்றுகள் உண்டு. எனக்கு இது உறுத்துகிறது, ஏனென்றால் இந்தக் கப்பலில் நிஜமான துக்கம் ஒன்று இருக்கிறது. 1942 அக்டோபர் 2 அன்று அயர்லாந்துக்கு வடக்கே, தனக்குக் காவலாக வந்த குராசோவா என்ற போர்க்கப்பலையே குயின் மேரி மோதி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள், சுற்றிலும் நீர்மூழ்கிகளின் பயம், நிற்கக் கூடாது என்பது உத்தரவு. நிற்காமல் போனது. குராசோவாவில் இருந்தவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போகிறவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போய், முன்முனைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தால் போதும், பேய் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய கப்பலைத் தண்ணீரில் வைத்துப் பராமரிப்பது யாருக்கும் கட்டுப்படியாகிற காரியமில்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, பழுதுகளைச் சரிசெய்ய 29 கோடி டாலர் வரை ஆகலாம் என்றது. 2020-ல் கொரோனாவோடு மூடியது, அடுத்த வருஷம் நகரமே நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஹோட்டல் மறுபடி திறந்தது 2023-ல். அதனால் எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, ஹிகாவா மாரு. மூன்றில் பெயர் குறைவாகத் தெரிந்தது இதுதான். 163 மீட்டர், குயின் மேரிக்குப் பாதிதான். 1930-ல் யோகோஹாமாவிலேயே கட்டி முடித்து, அந்த மே மாதமே சியாட்டில் தடத்தில் ஓடத் தொடங்கியது. நீராவிக்குப் பதில் டீசல், டென்மார்க்கின் பர்மைஸ்டர் அண்ட் வைன் தயாரிப்பு. பசிபிக்கை மொத்தம் 254 தடவை கடந்திருக்கிறது.

இதில் ஏறியவர்களின் கதை ஒவ்வொன்றும் ஒரு நாவலுக்குப் போதும். 1932-ல் சார்லி சாப்ளின் ஜப்பானிலிருந்து ஊர் திரும்பியது இதில்தான். அவர் அங்கே இருந்தபோது பிரதமர் இனுகாயை இளம் கடற்படை அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள், சாப்ளினையும் சேர்த்துக் கொல்லும் யோசனை அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்கு உறுதி செய்துவிட்டுக் கெய்ரோவிலிருந்து அமெரிக்கா வழியாகத் திரும்பும்போது, யோகோஹாமாவுக்குச் சில நாட்களே இருக்கையில் 1938 மே 4 அன்று இந்தக் கப்பலில் உயிர் விட்டார். அந்த ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. போரில் ஹிகாவா மாரு மருத்துவமனைக் கப்பலானது. மூன்று தடவை கண்ணிவெடியில் சிக்கியும் மூழ்கவில்லை. கூடப் பிறந்த ஹியே மாருவும் ஹெய்யான் மாருவும் மூழ்கின, ஹெய்யான் மாரு இன்றும் பசிபிக்கில் இருக்கும் சூக் தீவுகளின் கடலடியில் கிடக்கிறது. போர் முடிந்ததும் தென்கடல் தீவுகளில் சிக்கியிருந்த சிப்பாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது, 1953-ல் மறுபடி சியாட்டிலுக்கு ஓடியது, 1960-ல் ஓய்வு பெற்றது, மறு வருஷம் யமாஷிதா பூங்காவின் கரையில் வந்து நின்றது. கொஞ்ச காலம் இளைஞர் விடுதியாகவும் இருந்தது. 2008-ல் அதை ஓட்டிய நிப்பான் யூசென் கம்பெனியே பழைய வடிவத்துக்குச் சீர்செய்து திறந்தது, 2016-ல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அரசு அறிவித்தது.

இங்கே எனக்குப் பிடித்தது, மேலிருந்து கீழ் வரை ஒரே கப்பலாகக் கிடைப்பது. மார்க் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த முதல் வகுப்புக் கூடம், புகைபிடிக்கும் அறை, வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்த சொகுசு அறை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, மாலுமிகள் நின்ற பிரிட்ஜில் சுக்கானைப் பார்த்து, அங்கே சுவரில் இருக்கும் சின்னக் கோயில் மாடத்தையும் பார்த்து (கப்பலின் பெயரே ஹிகாவா கோயிலின் பெயர்தான்), பிறகு இரும்புப் படிகளில் இறங்கி இறங்கி இன்ஜின் அறைக்கு வந்தால், 1930-ல் பொருத்திய அதே இரண்டு டீசல் இன்ஜின்கள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. கைப்பிடியில் எண்ணெய்ப் பளபளப்பு. கொஞ்சம் தள்ளி மூன்றாம் வகுப்பு கேபின், மேலும் கீழுமாகக் கட்டில்கள், அறைக்கு எட்டுப் பேர். 1924-லேயே அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்துக்குக் கதவை மூடிவிட்டது. ஆகவே இந்தக் கட்டில்களில் படுத்துப் போனவர்களில் பலர் ஏற்கெனவே அங்கே தோட்டத்திலும் கடையிலும் உழைத்துக்கொண்டிருந்தவர்கள், ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியவர்கள். முதல் வகுப்பு மெனுவையும் இந்தக் கட்டிலையும் ஒரே அரைமணி நேரத்தில் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. ரஜூலாவை வைத்திருந்தால் அதன் டெக்கில் நின்றும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. விளக்கப் பலகைகள் சுருக்கமானவை, பிரிஸ்டலில் போல ஒவ்வொரு பயணியின் குரலையும் கேட்க முடியாது. போர்க் காலம் பற்றி, குறிப்பாக அந்த மருத்துவமனை நாட்கள் பற்றி, இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆக, அருங்காட்சியகம் என்ற வகையில் பார்த்தால் கிரேட் பிரிட்டன்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பல் என்ற வகையில் ஹிகாவா மாருதான். இரண்டில் ஒன்றுதான் போக முடியும் என்று யாராவது கழுத்தைப் பிடித்தால் நான் யோகோஹாமா என்றே சொல்வேன், ஏனென்றால் நல்ல விளக்கத்தை நாம் புத்தகத்திலும் தேடிப் படித்துக்கொள்ளலாம், அந்த இன்ஜின் அறையை வேறெங்கும் தேடிப் போக முடியாது. குயின் மேரி மூன்றாவது. அதற்கும் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது, இந்த மூன்றில் அதில் மட்டும்தான் இரவு தங்கலாம். பழைய முதல் வகுப்பு கேபினில், மரச் சுவருக்கும் வட்ட ஜன்னலுக்கும் நடுவில் தூங்கி எழ ஆசை இருந்தால் பகல் டிக்கெட்டை விட்டுவிட்டு அறையையே எடுங்கள். ஐரோப்பாவில் இதே அனுபவம் வேண்டுமென்றால் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் அதே ஊரின் பெயர் கொண்ட 1959-ஆம் வருஷத்துக் கப்பல் 2010 முதல் ஹோட்டலாகவும் காட்சிக் கப்பலாகவும் நிற்கிறது. இரண்டு வகுப்புப் பயணிகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஏறி இறங்கும்படி ஒன்றுக்குள் ஒன்று பின்னிய அதன் இரட்டைப் படிக்கட்டுக்காகவே ஒரு தடவை போகலாம்.

போகும் வழி என்று பார்த்தால் யோகோஹாமாதான் சுலபம். டோக்கியோவின் ஷிபுயாவில் ஏறினால் மோட்டோமாச்சி சூகாகாய் வரை ஒரே ரயில், இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பூங்கா, கட்டணமும் சில நூறு யென்தான். பிரிஸ்டலுக்கு லண்டன் பேடிங்டனிலிருந்து ரயில், அதுவும் புருனெல் போட்ட பாதையிலேயே என்பதால் பயணமே அருங்காட்சியகத்தின் முதல் அறை மாதிரி; அங்கே பாதி நாளாவது ஒதுக்குங்கள், டிக்கெட் விலையும் கூடுதல். லாங் பீச்சுக்கு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெட்ரோவில் ஏ தடம், பிறகு பஸ்ஸோ டாக்சியோ. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பிரிஸ்டலைத் தேர்ந்தெடுக்கலாம், லிஃப்ட் வசதி உண்டு. ஹிகாவா மாருவின் இன்ஜின் அறைப் படிகள் முழங்கால் வலி இருப்பவர்களுக்குச் சிரமம், அவர்களை மேல்தளக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் இறங்கிப் பாருங்கள், இறங்காமல் மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள்.